ஒன்பதாவது பொம்மை

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வருடந்தோறும் புத்த பூர்ணிமா அன்று விடிந்ததும் ஒரு படம் வந்து விழும். தாமரையில் உட்கார்ந்த புத்தர், அவர் தலைக்குப் பின்னால் சங்கு சக்கரம், கீழே மஞ்சள் எழுத்தில் ‘திருமாலின் ஒன்பதாவது அவதாரமான புத்தபிரானின் பிறந்தநாள் வாழ்த்துகள்’. அனுப்புகிறவன் பெரியப்பா மகன். முதலில் அப்பாவின் கும்பிடும் கை வரும், பின்னாலேயே மற்றவர்களுடையது. நான் ஏதோ எழுத ஆரம்பிப்பேன். பாதி எழுதி, அழித்துவிட்டு, போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். இந்த வருடம் அடுப்பு எக்கேடு கெட்டாலும் சரி, முழுவதையும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். கோபமாகத்தான் எழுதப்போகிறேன். புத்தரைப் பற்றிச் சாந்தமாக எழுதினால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் பெரியப்பாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. டில்லி கிட்வாய் நகரில் அரசுக் குடியிருப்பு. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பழைய கட்டடங்கள், எதிரெதிராகக் கதவுகள், முன்னால் புல்வெளி என்ற பெயரில் ஒரு மண் தரை. இப்போது எல்லாவற்றையும் இடித்து அடுக்குமாடிகளாக உயர்த்திவிட்டார்கள். போய் நின்றால் எங்கள் படிக்கட்டு எந்த இடத்தில் இருந்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன், சரோஜினி நகரில் இருந்தார். திருநெல்வேலியிலிருந்து முதலில் ரயிலேறி வந்து, பிறகு அப்பாவையும் வரவழைத்து, பரீட்சை எழுத வைத்து, வேலையில் உட்கார வைத்தவர் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் எந்த சோப்பு வாங்குவது என்பது வரை அவர் சொன்னபடிதான் நடக்கும். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், கேபிள் டிவி வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் கேபிள் டிவி இல்லை.

கோப்பு பார்க்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் பெரியப்பா பேச்சாளர். டில்லியில் தமிழர்கள் எங்கே கூடினாலும் அவருக்கு ஒரு சால்வை தயாராக இருக்கும். பொங்கல் விழாவில் அவர் வாழ்த்துரை வழங்கி முடிப்பதற்குள் பொங்கல் ஆறிக் கட்டியாகிவிடும் என்று அம்மா சமையலறைக்குள் மட்டும் சொல்வாள்.

அந்த வருடப் பொங்கல் விழாவுக்கு எங்கள் வட்டாரத் தமிழ் அமைப்பில் சிறுவர் பேச்சுப் போட்டி வைத்தார்கள். தலைப்பு ‘புத்த சமயமும் நம் சமயமும்: ஓர் அறிமுகம்’. தலைப்பைத் தேர்ந்தெடுத்தவர் பெரியப்பா. என் பெயரைக் கொடுத்தவரும் அவர். என் பேச்சை எழுதியவரும் அவர். நடுவர் வேலையை மட்டும் பெரிய மனது பண்ணி வேறொருவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

இப்போது யோசித்தாலும், அவர் எழுதிய பேச்சின் முன்பாதி நன்றாகத்தான் இருந்தது. அரண்மனையில் வளர்ந்த இளவரசன் ஒரு கிழவரையும், ஒரு நோயாளியையும், ஒரு பிணத்தையும், ஒரு துறவியையும் பார்த்துவிட்டு வீட்டை விட்டுப் போனது; அரச மரத்தடியில் உட்கார்ந்தது; வாழ்க்கையில் துன்பம் இருக்கிறது, அதற்குக் காரணம் ஆசை, ஆசையை விட்டால் துன்பம் தீரும், அதற்கு எட்டு வழிகள் உண்டு என்று சொன்னது, எல்லாம் சுருக்கமாக வந்தது. அதற்குப் பிறகுதான் ஒப்பீடு. நம் சமயத்திலும் வினைப்பயன், அங்கும் வினைப்பயன். இங்கும் மறுபிறவி, அங்கும் மறுபிறவி. இங்கும் கொல்லாமை, அங்கும் கொல்லாமை. வேற்றுமை என்று பார்த்தால், புத்தர் கடவுளைப் பற்றிப் பேசவில்லை, ஆன்மா என்று ஒன்று இல்லை என்றார். ஆனால் அதெல்லாம் பிள்ளை தாயிடம் செய்கிற குறும்பு. ‘தாயின் மடியிலிருந்து இறங்கி ஓடிய பிள்ளையை நம் தாய்மதம் அன்போடு மீண்டும் தன் மடியில் அமர்த்திக்கொண்டது. ஆம், புத்தர் வேறு யாருமல்ல, திருமாலின் ஒன்பதாவது அவதாரமே!’ இந்த இடத்தில் நான் வலது கையை உயர்த்த வேண்டும். கைதட்டல் வரும், அடங்கும் வரை காத்திருக்கவும் என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவில் தசாவதாரப் பொம்மைகள் உண்டு. அவற்றைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் அடுக்குவது என் வேலை என்பதால் வரிசை எனக்குத் தலைகீழ்ப் பாடம். எட்டாவது கலப்பையோடு பலராமர். ஒன்பதாவது புல்லாங்குழலோடு கிருஷ்ணர். பத்தாவது குதிரையோடு கல்கி. புத்தர் எங்கேயும் இல்லை. பெரியப்பாவிடம் கேட்டேன். “வடக்க அப்படித்தாம்ட்டி வப்பாவ. நாம டில்லியிலதான இருக்கோம்?” என்றார். அதாவது, பலராமரைப் பதவியிலிருந்து விடுவித்து, கிருஷ்ணரை எட்டாம் இடத்துக்கு மாற்றி, காலியான ஒன்பதில் புத்தரை நியமித்துவிட்டார். முப்பது வருடம் நியமனக் கோப்பு பார்த்தவருக்கு இது ஒரு வேலையா?

பேச்சை மனப்பாடம் செய்வதில் இன்னொரு சிக்கல் இருந்தது. டில்லியில் பிறந்த பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகளைப் போல எனக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் டில்லித் தமிழ் வீடுகளில் வழக்கமாக நடக்கிற கூத்து எங்கள் வீட்டிலும் நடந்தது. பெரியப்பாவின் தமிழை அப்பா அப்படியே இந்தி எழுத்தில் பெயர்த்து எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் இப்படி இந்தி எழுத்தைப் பார்த்துப் படித்துவிட்டு மேடையேறி ‘தமிழ் எங்கள் மூச்சு’ என்று முழங்கும், பெற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்பா எழுதியதில் எட்டைப் படுக்கப்போட்டது மாதிரி ஒரு எழுத்து அடிக்கடி வந்தது. எங்கள் பள்ளி இந்தியில் அதை நான் பார்த்ததே இல்லை. “அது ள. கீழ புள்ளி வச்சிருந்தா ழ,” என்று அப்பா ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார். சொன்னது ஒரு தடவை. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

அந்த எழுத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எதிர் வீட்டு ஆன்ட்டி.

ஆன்ட்டிக்கு நாக்பூர். மாற்றலாகி வந்து தனியாக இருந்தார். கணவரும் மகனும் ஊரில். பதவியில் அப்பாவைவிட ஒரு படி மேலே. படிக்கட்டில் பார்த்தால் அப்பா “குட் மார்னிங் மேடம்” என்பார், வீட்டுக்குள் வந்ததும் “அந்தப் பொம்பள” என்பார். ஆன்ட்டி வீட்டில் கேபிள் டிவி இருந்தது. அதனால் மாலையில் நான் அங்கேதான் கிடப்பேன். அவர் கூடத்துச் சுவரில் இரண்டு படங்கள். ஒன்று கண்மூடிய புத்தர். இன்னொன்று நீலக் கோட்டும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு மனிதர். இரண்டாவது படத்துக்கு அவர் தினமும் பூ வைப்பதைப் பார்த்துவிட்டு, அவர் உங்கள் அப்பாவா என்று கேட்டேன். ஆன்ட்டி சிரித்துவிட்டு, “ஹாங், பாப் ஹி ஹை,” என்றார். ஆமாம், அப்பாதான். நானும் நம்பிக்கொண்டேன்; அரசியல் சட்டம் எழுதியவர் அவர் என்று பிறகு பாடப்புத்தகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அங்கே போவதற்கு அம்மா தடை சொல்லவில்லை. அங்கே ஒன்றும் சாப்பிடாதே என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவர்கள் எண்ணெய் நமக்கு ஒத்துக்கொள்ளாதாம். நான் போஹாவைச் சாப்பிட்டுவிட்டு வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டு வருவேன். வெங்காயமும் வேர்க்கடலையும் போட்டு, எலுமிச்சை பிழிந்து, ஆன்ட்டி செய்கிற அவல் உப்புமா அது. அவர் குடிவந்த புதிதில் ஒரு டப்பா நிறைய எங்கள் வீட்டுக்கும் அனுப்பினார். அம்மா அதைத் திறந்துகூடப் பார்க்காமல் படிக்கட்டு பெருக்க வருகிற பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் கீழ்ப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஆன்ட்டி ஆபீசிலிருந்து வந்து படியேறினார். நான் மேலே நின்று பார்த்தேன். ஆன்ட்டி டப்பாவைப் பார்த்தார், ஒதுங்கிப் படியேறி வந்து தன் வீட்டுப் பூட்டைத் திறந்தார். மறுநாள் அம்மா அந்த டப்பாவைத் தேய்த்துக் கழுவி, வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று அதில் சர்க்கரை போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினாள். நாங்கள் சைவம், அவர்கள் மீன் சாப்பிடுகிறவர்கள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். கீழ்வீட்டுப் பஞ்சாபி மாமி கோழிக் குழம்பு கொதிக்கிற அதே அடுப்பில் செய்து அனுப்பிய ராஜ்மாவை அம்மா விரலை நக்கிச் சாப்பிட்டது எனக்கு ஏன் அப்போது நினைவுக்கு வரவில்லை என்று இப்போது என்மேலேயே எரிச்சலாக வருகிறது. அதற்குப் பிறகு ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு அனுப்பியதெல்லாம் ஆரஞ்சுதான். குளிர்காலத்தில் அவர் கணவர் நாக்பூரிலிருந்து கூடையில் கொண்டுவருவார். நாக்பூர்க்காரர்கள் ஆரஞ்சுதான் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் மாலை அந்தத் தாளோடு அங்கே போனேன். ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். “அரே, யே தோ ஹமாரா அக்ஷர் ஹை!” என்று கத்தினார். அட, இது எங்கள் எழுத்தாச்சே! இந்திக்காரர்களிடம் இல்லாத அந்த எழுத்து மராத்தியில் உண்டாம். டோளா என்றால் கண், ஃபள் என்றால் பழம் என்று சொல்லி, நாக்கை மேலே மடக்க வைத்து, நான் சரியாகச் சொல்லும் வரை அவர் விடவில்லை. கீழே இருந்த புள்ளியைப் பேனா மைக் கசிவு என்று நினைத்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன். தாளில் இருந்த அத்தனை ழகரமும் அன்று எங்கள் இருவர் வாயிலும் ளகரமாகிவிட்டது.

என்ன பேச்சு இது என்று கேட்டார். புத்தரைப் பற்றி என்றேன். ஆன்ட்டியின் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து புத்தரைப் பற்றி ஒரு பேச்சு! அடுப்பில் போஹாவுக்குத் தாளித்துக்கொண்டே, “சொல்லு, சொல்லு, ஒவ்வொரு வரியாக இந்தியில் சொல்லு” என்றார். நான் சமையலறை வாசலில் நின்று ஒரு வரி தமிழில் சொல்லி, அதற்கு எனக்குத் தெரிந்த இந்தியில் அர்த்தம் சொன்னேன். கிழவருக்கும் பிணத்துக்கும் தலையாட்டினார். எட்டு வழியும் வந்ததும் சபாஷ் என்றார். ஒப்பீடு ஆரம்பித்ததும் தலையாட்டுவது நின்றது. தாயின் மடிக்கு வந்தபோது கேஸை அணைத்துவிட்டார். ஒன்பதாவது அவதாரத்தைக் கையை உயர்த்தியே சொன்னேன். கைதட்டல் வரவில்லை.

அவர் பேசியதெல்லாம் இந்தி. எனக்குள் தங்கியிருக்கிறபடி தமிழில் தருகிறேன். “எந்த மடி? என்னைப் பெத்த அப்பாவை அந்த மடியில யார் உக்கார வச்சா? எங்க ஊர்க் கிணத்தையே அவர் தொட்டதில்ல. வேண்டாம்னு எழுந்து வந்தவர் அவர். புத்தரை விஷ்ணுவோட அவதாரம்னு நம்ப மாட்டேன்னு ஊருக்கு முன்னால வாயால சொல்லிட்டுத்தான் இந்த மதத்துக்கு வந்தார். இப்ப உன் பெரியப்பா புத்தரையே பிடிச்சு இழுத்துட்டுப் போய் மறுபடி அதே வீட்டுல உக்கார வைக்கிறாரா?”

நான் பயந்துபோனேன். ஆன்ட்டி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. என்ன தோன்றியதோ, சமாதானம் செய்கிற நினைப்பில், எங்கள் வீட்டுக் கொலுவில் ஒன்பதாவது கிருஷ்ணர்தான், புத்தர் பொம்மையே கிடையாது என்று சொல்லிவைத்தேன்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கோபத்தில் வருகிற சிரிப்பு. “பார்த்தியா? வீட்டுல இடம் இல்ல, மேடையில மட்டும் இடம். உங்க வீட்டுக் கொலுவுக்கு இந்தப் படிக்கட்டுல எல்லாரையும் உங்க அம்மா கூப்பிட்டாளே, என்னை ஒருநாளாவது கூப்பிட்டிருக்காளா?” என்று கேட்டார். பதிலை எதிர்பார்க்காமல் அவரே தொடர்ந்தார். “உன் பெரியப்பா வேற்றுமை எழுதினாரே, முக்கியமானதை ஏன் விட்டார்? பிறப்பை வச்சு ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழன்னு புத்தர் சொல்லல. அது ஒண்ணுக்காகத்தான் நாங்க போனோம். ஆன்மா இருக்கா இல்லையான்னு பார்த்து யாரும் போகல.”

தமிழில் மடி என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. கிட்டே வராதே, மடியாக இருக்கிறேன் என்பார்களே, தீட்டுப் படாத அந்த மடி. ஆன்ட்டிக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் கோபித்துக்கொண்டது அந்த மடியைப் பற்றித்தான்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சரிகை ஓரம் வைத்த பாவாடை, அதன் மேல் அம்மா பின்னிய மெரூன் ஸ்வெட்டர். முதல் வரிசையில் பெரியப்பா. பக்கத்தில் அப்பா, அம்மா. அரண்மனை, கிழவர், பிணம் எல்லாம் தடங்கலில்லாமல் போயிற்று. ‘மக்களின் துன்பத்தை அழிக்க வந்த மகான்’ என்ற இடம் வந்தது. நான் நாக்பூர் ளகரத்தோடு, அட்சர சுத்தமாக, “மக்களின் துன்பத்தை அளிக்க வந்த மகான்!” என்றேன். அரங்கில் ஒரு சிரிப்பு கிளம்பியது. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்க, “துன்பத்தை அளிக்க வந்த மகான்!” என்றேன். துன்பத்தைக் கொடுக்க வந்த மகான். அரங்கமே சிரித்தது. பெரியப்பா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, சிரித்தார்கள் என்பது தெரிந்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்தக் கோபத்தில் மீதிப் பேச்சு மொத்தமும் தலையிலிருந்து ஓடிவிட்டது. மடி மட்டும் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

வந்தது வேறு, இந்தியும் இங்கிலீஷும் கலந்து. “எங்க வீட்டு கொலுல நைன்த் கிருஷ்ணர்தான் இருக்கார். புத்தர் இல்ல. எதிர் வீட்டு ஆன்ட்டி புத்திஸ்ட். அவங்க பூச்சா... மதலப், கேட்டாங்க, வீட்டுல எடம் குடுக்காம ஸ்டேஜ்ல மட்டும் ஏன் எடம் குடுக்குறீங்கன்னு. எனக்கு ஆன்ஸர் தெரியல. என் பெரியப்பாக்குத் தெரியும். நன்றி, வணக்கம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ ஒருவர் மட்டும் கைதட்டினார். கலந்துகொண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள். எனக்கும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பெரியப்பா ஆரம்பித்தார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. வீட்டுக்குள் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற தொண்டை. “எழுதிக் குடுத்ததப் பேசிட்டு எறங்குனா என்னட்டி? எவளோ சொன்னத எதுக்கு மேடையில போயி சொல்லுத?” என்றார். ளகரம் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று தெரிந்ததும் சத்தம் இன்னும் ஏறியது. “அவ யாருன்னு தெரியுமாட்டி ஒனக்கு? கோட்டாவுல வந்து ஒக்காந்துக்கிட்டு நமக்கு சமயம் சொல்லித் தாராளோ?” பிறகு ஒரு சாதிப் பெயரைச் சொன்னார், வசவு மாதிரி. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. எதிர் வீட்டுக் கதவுக்கும் எங்கள் கதவுக்கும் நடுவே இருந்தது ஒரு படிக்கட்டின் அகலம்தான். அவர் பேசியது தமிழ்தான், ஆனால் கோட்டா என்ற சொல்லுக்கும் அந்தப் பெயருக்கும் டில்லியில் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

அம்மா, “சின்னப் புள்ள, தெரியாமச் சொல்லிட்டா,” என்றாள். தெரியாமல் சொன்னது நானா? அப்பா பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். அவர் வாங்குகிற சம்பளத்துக்குக் காரணமானவரை எதிர்த்து அவரால் பேச முடியாது என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். இந்தச் சமாதானம் என்னிடம் ஒருநாளும் எடுபட்டதில்லை. பெரியப்பா மீதுள்ள கோபத்தைவிட அப்பா மீதுள்ள கோபம்தான் எனக்கு இன்னும் அடங்காமல் இருக்கிறது. பெரியப்பா நினைத்ததைச் சொன்னார். அப்பா நினைத்ததைச் சொல்லாமல் மறுநாள் காலை படிக்கட்டில் “குட் மார்னிங் மேடம்” சொன்னார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் பின்பக்க பால்கனியில் வெயில் காயப் போனார்கள். ஜனவரி மாதத்து டில்லியில் எந்தச் சண்டையும் மதிய வெயிலுக்கு இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரியப்பாவுக்கு ஆன்ட்டியைத் தெரியாது, அதனால்தான் திட்டுகிறார். அவர் செய்கிற போஹாவை ஒருமுறை தின்று பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும். பரிசாக வந்த டப்பாவை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆன்ட்டி வீட்டில் டிவி ஓடாமல் இருந்தது அன்றைக்குத்தான். கதவைத் திறந்தவர் போட்டியில் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், மேடையில் நீங்கள் கேட்ட கேள்வியைக் கேட்டேன் என்று. சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “பாகல்,” என்றார். பைத்தியம். என் கன்னத்தைத் தொட்டார். அப்புறம் ஒரு தட்டில் போஹா வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்து டப்பாவை நீட்டினேன். இது நிறைய போஹா போட்டுக் கொடுங்கள், வீட்டில் எல்லோருக்கும், பெரியப்பா வந்திருக்கிறார் என்றேன்.

ஆன்ட்டி டப்பாவை வாங்கிக்கொண்டார். வாணலியில் போஹா இருந்தது, நன்றாகவே இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூடத்துக்குப் போய், மூலையிலிருந்த கூடையிலிருந்து ஆரஞ்சு எடுத்து டப்பாவில் அடுக்கினார். மூடி மூடவில்லை. மேலே துருத்திக்கொண்டிருந்த பழத்தோடு அப்படியே என் கையில் வைத்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் கேட்டது போஹா, எங்கள் வீட்டில் ஆரஞ்சு யாருக்கும் வேண்டாம் என்று கத்தினேன். இவர் கஞ்சம் என்று அந்த நிமிடம் உறுதியாக நம்பினேன். ஆன்ட்டி கோபித்துக்கொள்ளவில்லை. “கர் கே லியே யஹி டீக் ஹை, பேட்டா,” என்றார். வீட்டுக்கு இதுதான் சரி. அவர் கதவைச் சாத்திய பிறகும் நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

தோல் உரிக்காத பழத்துக்குத் தீட்டு கிடையாது. கல்யாணமாகிப் போன இடத்தில், வேறு யாரோ கொண்டுவந்த வாழைத்தாரை முன்னால் வைத்துக்கொண்டு, வேறு யாரோ இதைச் சர்வசாதாரணமாகச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. யார் வீட்டிலிருந்து வந்தாலும், யார் கை பட்டிருந்தாலும், தோல்தான் கணக்கு. உள்ளே இருப்பது சுத்தம். அன்றைக்குக் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். கீழ்ப்படியில் அந்தப் பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் படியேறிப்போன ஆன்ட்டி என் கண்ணுக்கு முன்னால் வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. டப்பாவைக் கொண்டுபோய் பால்கனியில் வைத்தேன். எங்கேயிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். அம்மா பழங்களைக் குழாயடியில் கழுவி எடுத்து வந்தாள். அப்பா ஒன்று எடுத்தார். பெரியப்பாவும் ஒன்று எடுத்து, நகத்தால் கீறி, தோலை நிதானமாக ஒரே சுருளாக உரித்து ஓரமாக வைத்தார். ஒரு சுளையை வாயில் போட்டு, வெயிலில் கண்ணை மூடிக்கொண்டார். “நல்ல இனிப்பு,” என்றார். இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைத்து, அவர் உரித்துப் போட்ட தோல்களையெல்லாம் சந்தோஷமாகப் பொறுக்கி எடுத்தேன்.